பாதிக்குப் பாதி – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் நடந்த ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எச்1பி விசாவில் வந்து 11 வருடம் ஆகிறது. சனிக்கிழமை மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் விலை உயர்ந்த போன், விரல்களில் அழகான நகப்பூச்சு, வண்டி நிறைய சாமான். பணம் கட்டும் நேரத்தில், அரசு உணவு உதவி வாங்குபவர்களுக்குக் கொடுக்கும் இ.பி.டி. அட்டையை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. மாதா மாதம் வரி கட்டுகிறேன். நாளைக்கே எனக்கு வேலை போனால் இந்த நாட்டில் சாப்பாட்டுக்கு ஒரு டாலர் உதவி கிடையாது.

அன்று மாலை நண்பர் வீட்டு விருந்தில் இதைச் சொன்னேன். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மினசோட்டாவில் குழந்தைகளின் சாப்பாட்டுப் பணத்தைக் கொள்ளையடித்தது, பத்து சதவீதத்துக்கு மேல் மோசடி என்று அரசே ஒப்புக்கொண்டது என்றெல்லாம். சின்னதாகக் கடை நடத்தும் ஒருவரும் வந்திருந்தார். "அட்டையைக் கொண்டுவந்து கேஷ் கேப்பாங்க. நூறு தேய்ச்சா அம்பது குடுப்போம். அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. காரில் வரும்போது, "உங்களுக்கு உண்மையிலேயே யார் மேல கோபம்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு திருட்டு நடக்கும் திட்டத்தை நிறுத்திவிட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றுவது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். என்னால் முடிந்தவரை அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் மனத்தாங்கல். அதில் நியாயம் இருக்கிறது. உங்களைப் போல விசாவில் இருப்பவர்களிடம் வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த அட்டையில் வரும் ஸ்நாப் என்ற அரசு உணவு உதவி மட்டும் கிடையாது. கிரீன் கார்டு வந்த பிறகும் பெரியவர்களில் பெரும்பாலோர் 5 வருடம் காத்திருக்க வேண்டும். இந்த விதி சரியில்லை என்று நீங்கள் சொன்னால் நானும் கூடவே சொல்வேன். ஆனால் அந்த விதியை எழுதியவர் உங்களுக்கு முன்னால் நின்ற பெண் இல்லையே.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது போனும் நகப்பூச்சும் நிறைந்த வண்டியும்தான். வண்டி ஏன் நிறைந்திருந்தது என்று யோசித்தீர்களா? ஸ்நாப் பணம் மாதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அட்டையில் ஏறும். பலர் பணம் ஏறிய ஓரிரு நாளிலேயே மாதத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுவார்கள். 2024-ஆம் நிதியாண்டில் ஓர் ஆளுக்குச் சராசரியாக மாதம் சுமார் 187 டாலர் கிடைத்தது. ஒரு நாளைக்கு 6 டாலர் சொச்சம். அந்த ஆண்டில் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் இதை வாங்கினார்கள், பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் குழந்தைகள். போன் வேலை இருந்த காலத்தில் வாங்கியதாக இருக்கலாம், தங்கை கொடுத்ததாக இருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் நம் மனம் ஒரு திருடியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அப்புறம் அந்தப் பத்து சதவீதக் கணக்கு. விருந்துக்கு விருந்து இது சுற்றுகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்நாப்பை நடத்தும் மத்திய அரசின் விவசாயத் துறை வருடா வருடம் பட்டுவாடாப் பிழை விகிதம் என்று ஒன்றை வெளியிடுகிறது. 2024-க்கு அது 10.93 சதவீதம். அதில் 9.26 கூடுதலாகக் கொடுத்தது. மீதி 1.67, கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தது. ஒருவர் தட்டில் குறைத்து வைத்ததும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தப்பாகக் கூட்டியிருப்பார். அல்லது வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரம் கூடுதல் வேலை கிடைத்திருக்கும், அதை உரிய நேரத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இப்படித்தான். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய திட்டத்தில் அது பல நூறு கோடி டாலர், திருத்தியே ஆக வேண்டும். ஆனால் பிழை வேறு, மோசடி வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் மோசடி செய்பவர் கூட்டத்துக்குள் மறைந்துகொள்வார்.

அப்படியானால் மோசடி எங்கே நடக்கிறது? உங்கள் விருந்தில் நடந்த கதையே அதைச் சொல்கிறது.

அந்தக் கடைக்காரர் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அட்டையில் 100 டாலர் தேய்க்கிறார். சாமான் எதுவும் விற்கவில்லை. அரசு அவர் கணக்கில் 100 டாலர் போடுகிறது. அவர் 50 டாலரை நோட்டாகக் கொடுக்கிறார், மீதி 50 அவருக்கு. அட்டை கொண்டுவந்தவர் ஏன் பாதிக்குச் சம்மதிக்கிறார்? ஸ்நாப் அட்டையில் சோப்பு வாங்க முடியாது. குழந்தைக்கு டயாபர், கழிவறைக் காகிதம், காய்ச்சல் மருந்து எதுவும் முடியாது. வாடகை கட்ட 50 டாலர் போதாமல் போனால் அதற்கும் அட்டை உதவாது. சிலர் குடிக்கவும் விற்பார்கள், அதை நான் மறைக்கவில்லை. விற்பதும் குற்றம்தான். மாட்டினால் முதல் தடவையே குறைந்தது ஒரு வருடம் உதவி நின்றுவிடும். ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலில் மாதக் கடைசியில் பட்டினி கிடக்கப் போகிறவர் ஒருவர், உழைக்காமல் பாதியை எடுத்துக்கொண்டவர் வேறொருவர்.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. ஸ்நாப்பின் முன்னோடியான ஃபுட் ஸ்டாம்ப் திட்டம் முதன்முதலில் 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் தொடங்கியது. ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற வில்லைகள் வாங்கினால், விளைந்து மிஞ்சிய உணவுப் பொருட்களை வாங்க 50 சென்ட்டுக்கு நீல வில்லைகள் இலவசம். அதே வருடம் அக்டோபரில், ஐந்தே மாதத்தில், விதியை மீறியதாக முதல் கடைக்காரர் பிடிபட்டார். காகிதக் கூப்பன்கள் இருந்த 1990-களின் தொடக்கத்தில் ஒரு டாலருக்குக் கிட்டத்தட்ட 4 சென்ட் இப்படி ரொக்கமாக மாறியது. 2004-க்குள் நாடு முழுக்க அட்டை வந்துவிட்டது, ஒவ்வொரு தேய்ப்பும் பதிவாகத் தொடங்கியது. 2012 முதல் 2014 வரைக்குமான அரசு ஆய்வில் அது டாலருக்கு ஒன்றரை சென்ட். வருடத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் வரும். விகிதம் குறைவு என்றாலும் தொகை பெரிது. இதில் பெரும்பங்கு நடப்பது பெரிய பல்பொருள் அங்காடிகளில் இல்லை, சின்னக் கடைகளில்.

மினசோட்டாவுக்கு வருகிறேன். அந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. அது ஸ்நாப் இல்லை, குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேறொரு அரசுத் திட்டம். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. குழந்தைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டுமே என்று நேரில் சோதிக்கும் விதிகளைத் தளர்த்தினார்கள். 'ஃபீடிங் அவர் ஃபியூச்சர்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெயரில் சுமார் 25 கோடி டாலர் சுருட்டப்பட்டதாக 2022 செப்டம்பரில் குற்றச்சாட்டு வந்தது. முதலில் 47 பேர், பிறகு 70-க்கும் மேல். அதன் நிறுவனர் 2025 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டோம் என்று கணக்கு எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் பெயர்களில் ஒரு பட்டியலை, தற்செயல் பெயர்களை உருவாக்கித் தரும் ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். வயதுகளை நிரப்ப எக்செல் சூத்திரம், 7-க்கும் 17-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண். நீங்கள் தினமும் எக்செல்லில் வேலை செய்பவராக இருந்தால் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். இல்லாத ஒரு குழந்தை, அதற்கு ஒன்பது வயது, அது சாப்பிட்டதாக ஒரு பில். அந்தப் பணத்தில் ஏரிக்கரை வீடும் சொகுசுக் காரும் வாங்கினார்கள்.

இந்தச் செய்தி வந்ததும் மக்களின் கோபம் எங்கே போனது என்று கவனித்தீர்களா? குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் சோமாலி வம்சாவளியினர் என்பதால், ஒரு சமூகம் முழுவதன் மேலும் போனது. அப்புறம் எங்கோ மளிகைக் கடை வரிசையில் அட்டையோடு நிற்கும் யாரோ ஒரு பெண்ணின் மேல் வந்து இறங்கியது. இதற்கும் ஐம்பது வருட வரலாறு உண்டு. 1976 தேர்தல் பிரச்சாரத்தில், பின்னாளில் அதிபரான ரீகன், சிகாகோவில் 80 பெயர்களில் அரசு உதவி வாங்கும் ஒரு பெண் என்று மேடைக்கு மேடை பேசினார். அவர் சுட்டிய லிண்டா டெய்லர் ஏமாற்றியது உண்மைதான். ஆனால் 1977-இல் நீதிமன்றத்தில் நிரூபணமானது 2 பொய்ப் பெயர்களில் வாங்கிய 23 காசோலைகள். ஒருத்தியின் குற்றம் பல லட்சம் பெண்களின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. 2025 இலையுதிர் காலத்தில், உதவி நிற்கப் போகிறது என்ற செய்தி வந்தபோது, பெண்கள் திமிராகக் கத்தும் வீடியோக்கள் வந்தனவே, அவற்றில் பல செயற்கை நுண்ணறிவால் செய்தவை. ஒரு பெரிய செய்தித் தளமே அவற்றை நிஜம் என்று நம்பிப் போட்டு, பிறகு மாற்றி எழுதியது. இல்லாத குழந்தைகளை எழுதிப் பணம் எடுத்தார்கள் என்று கொதிக்கிறோம். இல்லாத பெண்களைப் பார்த்தும் கொதிக்கிறோம்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் ஒரு ஃபுட் பேன்ட்ரியில் பொட்டலம் கட்டப் போகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார், முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு ரசீது. அதை மடித்து மடித்து மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. அடியில் மீதி இருப்பு பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது. பணம் ஏறிய நாள் காலையில் கடைக்குப் போயிருக்கிறார். சாமான் எல்லாம் பையில் போட்ட பிறகு இயந்திரம் அட்டையை ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து வைத்தார்களாம், பின்னால் வரிசை நின்றிருக்கிறது. விசாரித்தால், நள்ளிரவு தாண்டிய சில நிமிடத்தில், அவர் போயே இராத ஒரு மாநிலத்தில் மொத்தப் பணமும் செலவாகியிருந்தது. கடை இயந்திரத்தின் மேல் போலி மூடி ஒன்றைப் பொருத்தி, அட்டை விவரத்தையும் பின் எண்ணையும் திருடும் வேலை இது.

உங்கள் டெபிட் கார்டில் இப்படி நடந்தால் வங்கி திருப்பிக் கொடுக்கும், சட்டம் அப்படி. இ.பி.டி. அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, 1996-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் அட்டைகளில் சிப் வந்து இத்தனை வருடமாகியும் பெரும்பாலான மாநிலங்களில் இவர்கள் கையில் இருப்பது பழைய காந்தப் பட்டைதான். கலிஃபோர்னியா 2025-இல்தான் சிப்புக்கு மாறத் தொடங்கியது. திருடு போனதை ஈடுகட்ட மத்திய அரசு ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அதில் 30 கோடி டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பர் 20-க்குப் பிறகு திருடு போனதற்கு மத்திய அரசின் ஈடு கிடையாது.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் பணம் ஏறுவதற்கு முந்தின இரவு பின் எண்ணை மாற்றிவிடுங்கள் என்றேன். "ஒவ்வொரு மாதமுமா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

ஸ்நாப் மோசடி என்றால் எனக்கு இந்த ரசீதுதான் நினைவுக்கு வருகிறது. "என் வரிப் பணம்" என்று சொல்கிறீர்கள், அது உண்மை. ஆனால் திருட்டு நடந்த அன்று உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, என் வீட்டிலும் எரிந்தது. அவர் வீட்டில்தான் சாப்பாடு இல்லை.

நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். 2025 நவம்பர் தொடக்கத்தில், அரசு முடங்கியதால் பணம் குறித்த நாளில் வரவில்லை. எங்கள் பேன்ட்ரிக்கு வழக்கமாக வருபவர்களைவிடப் புதிய முகங்கள் அதிகம். வேலை உடையோடு நேராக வந்தவர்கள், கைக்குழந்தையோடு காரில் காத்திருந்தவர்கள். பத்து மணிக்கெல்லாம் அலமாரி காலி. தட்டில் ஈ மொய்க்கிறது என்று தட்டையே தூக்கி எறிவதை அன்றைக்குப் பார்த்தேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கடைக்காரரைப் பற்றி விவசாயத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கலாம், போனிலும் இணையத்திலும் வாங்கிக்கொள்கிறார்கள். அட்டைக்கு ரொக்கம் கொடுத்தது நிரூபணமானால் முதல் தடவையே ஸ்நாப் அட்டையை ஏற்கும் அனுமதி கடைக்கு நிரந்தரமாகப் போய்விடும். தெரிந்தவர், நம் ஊர்க்காரர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று தோன்றும். முதலில் அவரிடம் நேரில் பேசிப் பாருங்கள் என்றுதான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். இத்தனை பேர் நடுவில் கூசாமல் சொன்னவர், தனியாகச் சொன்னால் நிறுத்துவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. புகார் கொடுங்கள்.

உங்கள் மனைவி ஏன் சிரிக்கவில்லை என்று அவரிடமே கேட்டீர்களா? கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா