டோக்கன் கன்சல்டன்ட் கையில், பின் எண்ணும் அவரிடம்: தண்டனை யாருக்கு?

கேள்வி: ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் நான் இயக்குநர். வருடாந்திரத் தாக்கலுக்காக என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் (கையெழுத்துக்கான சான்றிதழ் இருக்கும் யுஎஸ்பி கருவி) பின் எண்ணையும் கன்சல்டன்ட்டிடம் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் வேறொரு படிவத்திலும் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். என்னையும் பிடிப்பார்களா? சான்றிதழை ரத்து செய்தால் பழைய தாக்கல்கள் என்னவாகும்?

பதில்: முதலில் ரத்துக்கு எழுதுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, உங்கள் கையெழுத்தைப் போட உதவும் டோக்கனுக்குள் இருக்கும் ரகசிய டிஜிட்டல் சாவியைக் காப்பது உங்கள் கடமை. அது கைமீறிப்போனதைச் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பு உங்கள் தலையில்தான். போனில் சொன்னால் போதாது. மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தவர் கையெழுத்தை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்துடனோ பயன்படுத்தினால் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அது கன்சல்டன்ட்டுக்கு. டோக்கனை நம்பிக் கொடுத்த கவனக்குறைவுக்காக மட்டும் இந்தப் பிரிவில் உங்களை உள்ளே தள்ள முடியாது. ஆனால் "அவரேதான் பின் எண் கொடுத்தார்" என்று அவர் நிச்சயம் சொல்வார். எந்த வேலைக்காகக் கொடுத்தீர்கள் என்று காட்டும் வாட்ஸ்அப் செய்திகளையும் பில்களையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். இந்த அலைக்கழிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. 77பி பிரிவின்படி இது நீதிமன்ற உத்தரவில்லாமலே போலீஸ் வழக்குப் பதிய வேண்டிய குற்றம். இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்கிறது 78. இரண்டையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். உங்கள் சான்றிதழ் விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் எண், மின்னஞ்சல் இருக்கிறது? பல ஏஜென்ட்டுகள் தங்களுடையதையே போட்டுவிடுகிறார்கள். ஓடிபி அவர்களுக்குப் போகும், சான்றிதழ் பற்றிய தகவலும் அவர்களுக்கே போகும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. சான்றிதழ் வாங்க முக்கியமான விவரத்தை மறைத்தாலோ பொய்யாகச் சொன்னாலோ 71ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பம் உங்கள் பெயரில் என்பதால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

பழைய தாக்கல்களுக்கு வருவோம். ரத்தான சான்றிதழை, ரத்தானது தெரிந்தே பிறருக்குக் கிடைக்கச் செய்வது 73ஆம் பிரிவில் குற்றம். தண்டனை 71க்குச் சொன்ன அதே அளவு. இதைக் கேட்டதும் பயந்து பழைய கோப்புகளை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்! ரத்துக்கு முன் போட்ட கையெழுத்தைச் சரிபார்க்க அந்தச் சான்றிதழைக் கொடுப்பதற்கு அதே பிரிவு விலக்கு தருகிறது. மார்ச்சில் கையெழுத்திட்டு, ஜூனில் ரத்து செய்து, ஆகஸ்டில் வங்கி அந்த மார்ச் ஆவணத்தைச் சரிபார்க்கக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ரத்து செய்ததாலேயே மார்ச் கையெழுத்து செல்லாமல் போகாது. ஜூலையில் ஒரு புதிய ஆவணத்துக்கு அதே சான்றிதழை நீட்டினால்தான் வம்பு.

புதிய டோக்கனுக்கு வீடியோ சரிபார்ப்பை நீங்களே முடித்து, பின் எண்ணை நீங்களே வையுங்கள். படிவம் தயாரானதும் கன்சல்டன்ட் உங்களைக் கூப்பிடட்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, டோக்கனைக் கையோடு எடுத்து வாருங்கள்.