உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே எண்டாஸ்கோப்பியில் பார்ப்பது: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தனிப்பட்ட ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.

டாக்டர், எனக்கு விழுங்குவதில் சிரமமே இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். சாப்பாடு அடைக்கிறது என்று ஒருவர் வரும்போது பெரும்பாலும் கட்டி நன்றாக வளர்ந்திருக்கும். ஆரம்பநிலைப் புற்று உள்தோலோடு நிற்பதால் வலியோ அடைப்போ பொதுவாக இருக்காது. அதற்காக எல்லோரும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டாம். புகையும் மதுவும் சேர்ந்த பழக்கம் உள்ளவர்கள், வாய் அல்லது தொண்டையில் புற்றுநோய் வந்தவர்கள், எப்போதோ ஆசிட் அல்லது அரிக்கும் காரக் கரைசல் (ஆல்கலி) குடித்துத் தழும்பு உள்ளவர்கள், அகலேசியா (உணவுக்குழாயின் கீழ்முனை சரியாகத் திறக்காத நோய்) உள்ளவர்கள், பல வருடமாக நெஞ்செரிச்சலோடு இருப்பவர்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் தெரியாதா சார்?

தெரியும், ஆனால் நழுவிவிடும். லேசான சிவப்பு, கொஞ்சம் சொரசொரப்பு, அந்த இடத்தில் மட்டும் ரத்தக்குழாய் வலை மங்கிப்போவது, பல நேரம் அவ்வளவுதான் அடையாளம். எச்சிலும் நுரையும் மூடியிருந்தால் அதுவும் போச்சு. அதனால்தான் முன்கூட்டியே நுரையைக் கலைக்கும் சிமெத்திகோன் மருந்து கலந்த தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள், உள்ளே போனபின் கழுவிவிட்டுப் பார்ப்பார்கள். நவீன இயந்திரம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், நன்றாகக் கழுவி, அவசரப்படாமல் குழாயை வெளியே இழுக்கும் ஆளே முக்கியம். வயிற்றைப் பார்க்கும் அவசரத்தில் சரசரவென்று கடந்துபோகிற இடம் உணவுக்குழாய்தான்.

ரிப்போர்ட்டில் ‘என்பிஐ’ என்று போட்டிருக்கிறது. என்ன அது?

நேரோ பேண்ட் இமேஜிங். சாயம் எதுவும் இல்லை, வெளிச்சத்தை வடிகட்டுவதுதான். 415 நானோமீட்டர் நீலம், 540 நானோமீட்டர் பச்சை, இந்த இரண்டு பட்டைகளை மட்டும் பாய்ச்சுகிறார்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இவற்றை நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் மேற்பரப்பு நுண்குழாய்கள் பழுப்பாக எடுத்துக்காட்டும். புற்று தொடங்கிய இடம் பழுப்புத் திட்டாகத் தெரியும்.

அப்புறம் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இயல்பான உள்தோலில் இந்த நுண்குழாய்கள் குட்டி வளையங்களாக இருக்கும். ஜப்பானிய வகைப்பாட்டில் அது ஏ. வளையம் விரிந்து, முறுக்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று வேறுபட்டால் பி1. வளைய வடிவமே கலைந்தால் பி2. தடித்த குழாய்கள் வந்துவிட்டால் பி3. இந்த வரிசையில் போகப்போக புற்று ஆழமாக இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பயாப்சி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு வருவதற்கு முன்பே ஆழத்தைப் பற்றி ஓரளவு சொல்ல முடிவது எனக்கு இன்னும் வியப்புதான்.

அப்பாவுக்கு அயோடின் தெளித்தார்கள். நெஞ்சு எரிந்தது என்கிறார். அது தேவையா?

அது லூகால் கரைசல். இயல்பான உள்தோல் செல்களில் கிளைகோஜன் இருக்கும், அயோடின் பட்டதும் கரும்பழுப்பாகும். புற்றுச் செல்களில் அது குறைந்துவிடுவதால் அந்த இடம் நிறம் பிடிக்காது. வெறும் அழற்சியும் நிறம் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் 2, 3 நிமிடத்தில் அந்த இடம் இளஞ்சிவப்பாக மாறினால் சந்தேகம் வலுக்கும். எரிச்சல் வருவது உண்மை. கடைசியில் சோடியம் தயோசல்ஃபேட் தெளித்தால் குறையும். அயோடின் அலர்ஜி, தைராய்டு பிரச்சினை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்கு பேரட் உணவுக்குழாய். எனக்கும் அயோடின்தானா?

இல்லை. பேரட்டில் உள்தோலே வேறு வகைக்கு மாறிவிட்டது, அயோடின் உதவாது. அங்கே அசெட்டிக் அமிலம் தெளிப்பார்கள். எல்லா இடமும் வெளுக்கும், புற்று தொடங்கிய இடம் மட்டும் சீக்கிரம் வெண்மையை இழந்துவிடும். சந்தேகமான இடத்தில் முதலில் பயாப்சி, பிறகு 2 செ.மீ.க்கு ஒருமுறை நான்கு பக்கமும் எடுப்பது வழக்கம்.

இதற்குப் பதில் சிடி ஸ்கேன் எடுத்தால் போதாதா?

போதாது. உள்தோலோடு நிற்கும் புற்று அதில் தெரியாது.

ஏஐ வந்துவிட்டதே, இனி தவறவே தவறாதுதானே?

திரையில் தெரிவதைத்தான் அது காட்டும். நுரைக்கு அடியில் இருப்பது அதற்கும் தெரியாது.

‘ஹை கிரேட் டிஸ்பிளாசியா’ என்று வந்திருக்கிறது. உணவுக்குழாயையே எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இது புற்றாவதற்கு மிக அருகில் வந்துவிட்ட செல் மாற்றம். உள்தோலுக்குள்ளேயே இருந்தால் நெறிகட்டிக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்டாஸ்கோப்பி வழியாகவே அந்தப் படலத்தை உரித்து எடுத்துவிடலாம். ஈஎஸ்டி என்பார்கள். எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ஆழம் உறுதியாகும். உள்தோலுக்கு அடுத்து உள்ள சப்மியூகோசா அடுக்கில் 200 மைக்ரானுக்கு மேல் இறங்கியிருந்தால் கதை வேறு, அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ பேச வேண்டிவரும். சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் உரித்தால் பின்னால் குழாய் சுருங்கலாம், அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். எடுத்த பிறகும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருங்கள், தொண்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதே பழக்கங்களால் பாதிக்கப்பட்ட மீதி உள்தோலில் இன்னொன்று முளைப்பது அபூர்வமில்லை.