மிக்ஸி ஓசைக்கு மிரளும் செம்பி
கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் நாட்டு நாய் செம்பிக்கு இரண்டு வயது ஆகிறது. ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது அண்ணனுடைய தோட்டத்திலிருந்து கொண்டுவந்தோம். காலையில் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டால், வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறாள். இப்போது அலமாரியிலிருந்து ஜாரை எடுக்கும் சத்தத்துக்கே ஓடுகிறாள். குக்கர் விசிலுக்கும் அதே நடுக்கம்தான். ‘சமையலறையிலேயே கட்டிப்போட்டு மிக்ஸியை ஓடவிடுங்கள், நான்கு நாளில் பழகிவிடும்’ என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அப்படிச் செய்யலாமா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: தயவுசெய்து கட்டிப்போடாதீர்கள். அஞ்சும் நாய்க்குத் தெரிந்த முதல் வழி விலகி ஓடுவது. சங்கிலி அந்த வழியை அடைத்துவிடுகிறது. அந்நிலையில் சில நாய்கள் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். சில, அருகில் வருபவரைக் கடித்துவிடும். இன்னும் சில அசையாமல் படுத்துவிடும். அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்துத்தான் வீட்டார் ‘பழகிவிட்டது’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது தப்ப வழியில்லை என்று கண்டு ஒடுங்கிப்போன நிலை. உள்ளே அச்சம் குறையாமல் இருக்கும்.

செம்பி ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. நாய்க்குட்டிகள் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை, தாம் காணும் கேட்கும் பொருள்களை ‘இவை இயல்பானவை’ என்று எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பருவம் முழுவதும் தோட்டத்தில் வளர்ந்தவள் மிக்ஸியையோ குக்கரையோ கேட்டிருக்க வாய்ப்பில்லை. போதாததற்கு, மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே நமக்கு வெறும் இரைச்சலாக இருக்கும் ஓசையில் நாம் கேளாத பகுதியும் அவளை வந்தடையலாம். மிக்ஸி ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஜாரின் சத்தம் வந்ததால், அதுவும் அபாய அறிவிப்பாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நாய்க்கும் பொருந்தும். இப்படியே விட்டால் நாளை சமையலறை விளக்கைப் போடும் ஓசைக்கும் ஓடுவாள்.

இதற்குரிய முறை புதியதன்று. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தபடியே, அவன் கலங்காத தொலைவில் முயலை வைத்துச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அந்த அச்சத்தைப் போக்கினார். நாய்களுக்கும் நாங்கள் அதையே செய்கிறோம். அஞ்சும் பொருள் மிகச் சிறிய அளவில் வரவேண்டும். அதைத் தொடர்ந்து மிக நல்லதொன்று வரவேண்டும். இவ்விரண்டில் எது தவறினாலும் பயனில்லை.

முதலில், வேறு எப்போதும் கொடுக்காத ஓர் உணவைத் தேர்ந்தெடுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளலாம். சைவ வீடென்றால் பனீர் போதும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். தொடக்க நாள்களில் மிக்ஸியை ஓட்டாதீர்கள். ஜாரை மெதுவாக எடுத்து வையுங்கள், உடனே ஒரு துண்டு கொடுங்கள், ஜாரைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஜாரைப் பார்த்ததும் ஓடாமல் உங்கள் கையை எதிர்பார்த்து நிற்கத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்து, மிக்ஸியை ஒரு தடித்த துணியின்மேல் வைத்து, கதவை மூடிய தொலைவான அறையில் ஒருவர் ஒரே ஒரு விநாடி ஓட்டட்டும். வீட்டின் மறுகோடியில் செம்பியுடன் அமர்ந்திருக்கும் நீங்கள், ஓசை கேட்ட பிறகு துண்டைக் கொடுங்கள். இந்த வரிசை முக்கியமானது. உணவை முதலில் நீட்டிப் பிறகு ஓசையை எழுப்பினால், ‘கோழிக்கறி வந்தால் பின்னால் அந்தச் சத்தம் வரும்’ என்று அவள் பாடம் படித்து, கறித்துண்டையே கண்டு ஒதுங்கத் தொடங்குவாள். நல்லெண்ணத்தோடு முயன்றவர்கள் பலர் தோற்றது இந்த இடத்தில்தான். நாள்தோறும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். தொலைவைக் குறைப்பது, கதவைத் திறப்பது, ஓடும் நேரத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கைப்பேசியில் ஒலியைப் பதிந்து தாழ்ந்த அளவில் கேட்கச் செய்வதும் உதவும். ஆனால் தரை வழியாக வரும் அதிர்வு அதில் இராது என்பதால், அதை முன்பயிற்சியாக மட்டும் கொள்ளுங்கள்.

எந்த அளவு அதிகம் என்பதை அவளே சொல்லுவாள். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டையும் மூக்கையும் நக்கிக்கொள்வது, காதைப் பின்னால் மடிப்பது, கண்ணின் வெண்பகுதி தெரிய ஓரமாகப் பார்ப்பது, வெயிலில்லாமலே மூச்சிரைப்பது ஆகியவை நடுக்கத்துக்கு முன்னரே வரும் அறிகுறிகள். பிடித்த துண்டையும் வாங்க மறுத்தால் நீங்கள் இரண்டு படி முன்னே போய்விட்டீர்கள் என்று பொருள், திரும்பி வாருங்கள்.

பயிற்சி நடக்கும் வாரங்களில் உண்மையான அரைப்புக்கு என்ன செய்வது? அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் அவளை நடைக்கு அழைத்துச் செல்லட்டும். குக்கர் வைக்கும் நேரத்துக்கும் அதுவே ஏற்பாடு. விசிலை நம் விருப்பப்படி ஒரு விநாடிக்கு அடக்க இயலாது என்பதால், அதற்கான பயிற்சியைப் பதிவு செய்த ஒலியில் தொடங்குங்கள். கட்டிலுக்கு அடியில் அவள் தேர்ந்துகொண்ட இடத்தில் பழைய போர்வையை விரித்து, அங்கே இருக்கும்போது குழந்தைகள் கையை நீட்டி இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாய்களுக்கு மூன்று வாரம், சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். இத்தனை நாளில் சரியாகும் என்று என்னால் வாக்களிக்க முடியாது.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்பது வயது. இத்தனை ஆண்டுகள் தீபாவளி வெடிக்கும் அஞ்சாதவன், சில வாரங்களாக இன்வெர்ட்டர் ‘பீப்’ என்றால் நடுங்கி, வாசல் கதவைப் பிறாண்டுகிறான். தூக்க மாத்திரை ஏதேனும் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதிர்ந்த நாய்க்குப் புதிதாக வரும் ஓசையச்சத்தை நான் முதலில் வலியாகவே சந்தேகிப்பேன். திடுக்கிட்டு உடல் இறுகும் ஒவ்வொரு முறையும் தேய்ந்த இடுப்பு மூட்டிலோ முதுகிலோ வலித்தால், நாய் அந்த வலியை ஓசையோடு முடிச்சுப் போட்டுவிடும். பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓசைக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டபோது, வலியுள்ள நாய்களுக்கு அந்த அச்சம் மற்றவற்றைவிடப் பிந்திய வயதிலேயே தொடங்கியிருந்தது. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டி மூட்டுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். எழும்போது தயங்குகிறானா, மாடிப்படி ஏற மறுக்கிறானா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். நாம் உட்கொள்ளும் பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் நாய்க்குக் கேடு செய்யும், அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

வெடிக்கு அஞ்சாதவன் சிறு பீப் ஒலிக்கு அஞ்சுவது விந்தையன்று. விட்டுவிட்டு வரும் கூரிய ஒலிகள் நாய்களை மிகவும் வருத்தும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் 2021-இல் வீட்டு ஓசைகளைப் பற்றிச் செய்த ஆய்வும் காட்டியது. ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: மிக்ஸியைப் போலன்றி இந்த ஒலியை அடியோடு நிறுத்திவிடலாம். பேட்டரியில் வடிநீர் குறைந்திருக்கிறதா, பேட்டரி பழுதா, கூடுதல் சுமை ஏற்றியிருக்கிறீர்களா என்று பழுதுபார்ப்பவரை அழைத்துப் பாருங்கள்.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட அசிப்ரோமசின் போன்ற மருந்து உடலை மட்டும் தளரச் செய்யும். நாய் ஓட இயலாமல் படுத்தபடியே அஞ்சிக்கொண்டிருக்கும். அச்சத்தையே தணிக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. எது, எவ்வளவு என்பதை அவனைச் சோதித்த மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

கேள்வி: நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் இன்னும் கூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: உண்மையன்று. அச்சம் ஓர் உணர்ச்சி. பரிசுக்காகச் செய்யும் செயலன்று. ஆறுதல் கொடுத்ததனால் ஒருவரின் அச்சம் வளர்வதில்லை. நாய் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் பதற்றமில்லாத குரலில் பேசி, மார்புப் பக்கமாக மெல்லத் தடவிக் கொடுங்கள். விலகிப் போய்ப் பதுங்கினால் பின்தொடராமல் அருகில் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு வாருங்கள்.