கட்டியக்காரன் நிற்கும் இடம்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ‘பொன்னியின் செல்வ’னை நான்கு முறை படித்தவள். அதன் மாந்தர்களை வைத்து இரண்டு ஆண்டுகளாகக் கதை எழுதி வருகிறேன். நாற்பது அத்தியாயங்கள் ஆகிவிட்டன. அதில் என் பெயரிலேயே ஒருத்தி வருகிறாள். வந்தியத்தேவனுக்குத் தோழியாகிறாள், குந்தவைக்கு யோசனை சொல்கிறாள், கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனைச் சாவிலிருந்து காப்பாற்றுகிறாள். எழுதுகிறவள் தன்னையே பாத்திரமாக்குவது அநாகரிகம் என்கிறார்கள் தோழிகள். கல்கியின் கதையைத் தொடுவதே தவறு என்கிறார் ஒருவர். நான் கதைக்குள் இருக்கலாமா, வெளியேறிவிட வேண்டுமா? கடம்பூர் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நான் ஏற்காட்டில் இருந்தேன். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர், இந்த மலையில் வாழும் பழங்குடிகளான மலையாளி மக்களின் பூர்வகதையைச் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர். பெரியண்ணன் இந்த மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறியதாகக் கதை. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ‘நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தோம். எங்களுக்கு வழி தெரியவில்லை’ என்றார். எத்தனையோ தலைமுறைக்கு முன் நடந்த நடையின் களைப்பு அவர் குரலில் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி பஸ் சேலம் வந்து சேரும்வரை அந்த ‘நாங்கள்’ என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

கல்கியைத் தொடலாமா என்பதில் பேச ஒன்றுமில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. முடிந்த ஆண்டிலேயே அவரும் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் நம் நாட்டில் பதிப்புரிமை. அதற்கு வெகு முன்பே விக்கிரமன் அந்தக் கதையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். தொடுங்கள்.

தோழிகள் சொல்லும் அநாகரிகம் பழைய வசவுதான். 1973-இல் அமெரிக்காவில் பாலா ஸ்மித் என்ற பெண், ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள் எழுதிக் குவித்த இத்தகைய கதைகளைக் கேலி செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார். பதினைந்தரை வயதில் விண்கப்பலில் அதிகாரியாகிவிடும் மேரி சூ அதன் நாயகி. எல்லோரும் அவளை வியக்கிறார்கள், அவள் செத்ததும் எல்லோரும் அழுகிறார்கள். அந்தப் பெயர் அன்று முதல் இன்றுவரை எத்தனையோ பெண்பிள்ளைகளின் எழுத்தின் மேல் அடிக்கப்படும் முத்திரையாகிவிட்டது. அந்த முத்திரைக்கு அஞ்சி நீங்கள் வெளியேற வேண்டாம். நம்மிடம் ஆண்டாள் இருக்கிறாள். கண்ணனின் கதை அவளுக்கு முன்பே ஊரறிந்த கதை. அதற்குள் தன்னையும் ஓர் ஆயர்பெண்ணாக ஆக்கிக்கொண்டு, விடியுமுன்னே தோழிகளை எழுப்பிக்கொண்டு நுழைந்தாள். கடைசிப் பாட்டில் கோதை என்று பெயரும் சொன்னாள். யார் அவளை வெளியேற்றியது?

ஆனால் ஆண்டாள் அங்கே எதைப் பெற்றாள் என்று பாருங்கள். நாச்சியார் திருமொழியில் அவளுக்குத் திருமணம் நடக்கிறது, கனவில். விழித்த பிறகு அவளிடம் இருப்பது தாகம் மட்டுமே. மேகத்தையும் குயிலையும் தூது போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். வியாசரும் தன் கதைக்குள் இருக்கிறார். திருதராட்டிரனுக்கும் பாண்டுவுக்கும் விதுரனுக்கும் தந்தை அவர். களத்தில் மடிந்த கௌரவர் நூறு பேரும் அவர் பேரன்கள். எழுதியவரே உள்ளே இருந்தும் அவர்களில் ஒருவனைக்கூடக் காப்பாற்றவில்லை. கைகளை உயர்த்திக் கதறுகிறேன், கேட்பார் இல்லையே என்று பாரதத்தின் முடிவில் புலம்புகிறார்.

உங்கள் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. உங்கள் பெயரில் வருகிறவளுக்கு ஏழு மொழி தெரிகிறது. வாள் வீச்சில் வந்தியத்தேவனை வெல்கிறாள். முழங்கால் தொடும் கூந்தல். அவள் யார், அம்மா? உங்களுக்கும் அவளுக்கும் பெயரைத் தவிர என்ன உறவு? காலை முதல் மாலை வரை வெள்ளிக்கும் சலங்கைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள். எடை, சேதாரம், கூலி என்று கணக்கு எழுதுகிறீர்கள். பற்றவைக்கும் நெருப்பின் வாசனை உங்கள் துணியில் இருக்கும். அதில் ஒரு குண்டுமணி அளவுகூடக் கதைக்குள் வரவில்லை. உங்களைக் கதையில் நுழைத்தது குற்றம் என்கிறார்கள் தோழிகள். நீங்கள் நுழையவே இல்லை என்பது என் குற்றச்சாட்டு. வாசலில் செருப்போடு உங்களையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு பொம்மையை உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள்.

ஓமலூர்ப் பக்கத்தில் என் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். கூத்தை அது ஆடும் களத்தில், களரியில், பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் திரையைப் பிடிக்க, வேடக்காரர் பின்னால் நின்று ‘வந்தானே துரியோதன ராசன்’ என்று தன்னையே படர்க்கையில் பாடிக்கொண்டு வருவார். புஜக்கட்டையும் கிரீடமுமாக வந்து நிற்கும் அரசனை ‘ஐயா, தாங்கள் யார்?’ என்று கேட்பவன் கட்டியக்காரன். அவன் அரசனின் சேவகன், ஊர்க்காரனும்கூட. ஆட்டத்தின் நடுவே யாராவது ஐந்து ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தால் அவர் பெயரை அத்தினாபுரத்துச் சபையிலேயே உரக்கச் சொல்லுவான். அரசனிடம் அடி வாங்குவான். கதையின் போக்கில் ஓர் இம்மிகூட அவனால் மாற்ற முடியாது.

எனக்கு ஒன்பது வயது. துகிலுரிதல் அன்று, பாட்டியின் மடியை ஒட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறான். அந்த இடத்தில் கட்டியக்காரன் ஏதாவது வேடிக்கை செய்வான் என்று கூட்டம் காத்திருந்தது. அவன் செய்யவில்லை. களரியின் ஓரத்துக்கு வந்து என் முன்னே குந்தி உட்கார்ந்தான். வியர்வையில் அவன் முகத்துச் சாயம் கரைந்திருந்தது. ‘தம்பி, நீயும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?’ என்று கேட்டான். ஆர்மோனியம் நின்றுவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை. பீஷ்மரும் துரோணரும் தலை குனிந்து நின்றார்கள். அவர்களோடு நானும் அந்தச் சபையில் இருந்தேன். விடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். பாட்டி சமாதானம் சொல்லவில்லை, என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். ஐம்பது ஆண்டுகளாக எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஆகவே நாற்பது அத்தியாயங்களையும் எனக்கு அனுப்ப வேண்டாம். வந்தியத்தேவனின் தோழமை, குந்தவைக்குச் சொல்லும் யோசனை எல்லாம் கிடக்கட்டும். கடம்பூரை மட்டும் திரும்ப எழுதுங்கள். ஆதித்த கரிகாலன் சாகட்டும். கல்கி அங்கே விளக்கை அணைத்துவிட்டார், குத்தியது யார் என்று உறுதியாகச் சொல்லவும் இல்லை. அந்த இருட்டில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. அங்கே போய் நில்லுங்கள், செவ்வாய்ப்பேட்டைக் கணக்குப் பிள்ளையாகவே. உங்கள் காலில் கொலுசு இருக்கும். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தால் சலங்கை ஒலிக்கும், உங்கள் உயிரும் போகும். நீங்கள் குனிந்து அதை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறீர்கள். வெள்ளி கையில் சில்லென்று படுகிறது. அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.