தொட்டிப் பாசியை மீன் திண்டு முடிக்குமோ?

கேள்வி (விசுவமடுவில இருந்து ஒரு தம்பி): ரெண்டடி நீளத் தொட்டி ஒண்டு யன்னலோட மேசையில வைச்சிருக்கிறன், கப்பியும் ரெண்டு கோல்ட் ஃபிஷும் நிக்குது. கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி, சுரண்டச் சுரண்ட வருது. ரேங்க் கிளீனர் ரெண்டு விட்டா எல்லாத்தையும் திண்டிடும் எண்டு கடையில சொல்லித் தந்தவை. இப்ப பத்து மாசம், விரல் அளவில வந்தது சாண் அளவுக்கு வளந்திட்டுது, பாசி அப்பிடியே கிடக்கு, தண்ணி முந்தியை விடக் கலங்கல். வேற என்ன மீன் விடலாம்? இந்த ரேங்க் கிளீனரை இரணைமடுக் குளத்தில கொண்டுபோய் விட்டா என்ன?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதல்ல பதில். விடாதேங்கோ. இரணைமடுவிலயும் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்துச் சின்னக் குளத்திலயும் வேண்டாம், வாய்க்காலிலயும் வேண்டாம். அது தென் அமெரிக்க மீன், ஒண்டரை அடி வரைக்கும் வளரும், உடம்பு முழுக்க எலும்புத் தகடு எண்டபடியா அதைப் பிடிச்சுத் தின்னுறதுகள் குறைவு. முட்டை போடக் கரையில பொந்து தோண்டும், குளக்கட்டை நம்பி வயல் செய்யிற எங்களுக்கு அது எவ்வளவு கூடாது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. திலாப்பியாவுக்குப் போட்ட வலையில இது மாட்டினா முள்ளுச் செட்டையால வலையையே கிழிச்சுப்போடும். இலங்கையில ஏற்கனவே சில நீர்நிலையளில பரவி, ஆக்கிரமிப்பு மீன் எண்டு பேர் எடுத்திட்டுது, வன்னிக் குளத்துக்கு அதை நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. வேண்டின கடையில திருப்பிக் குடுத்துப் பாருங்கோ, இல்லாட்டி பெரிய சீமெந்துத் தொட்டி வைச்சிருக்கிற ஆருக்காவது குடுங்கோ.

ஏன் பாசி போகேல்ல எண்டு கேட்டா, உங்கட தொட்டி ஒரு அடி அகலம் ஒரு அடி உயரம் எண்டு வைச்சாலும் 56 லீற்றர்தான் பிடிக்கும், அதுக்குள்ள சாண் அளவில ரெண்டு ரேங்க் கிளீனரும் கோல்ட் ஃபிஷும் நிண்டா அதுகள் போடுற கழிவே பாசிக்கு உரம். ரேங்க் கிளீனர் வளர வளர பாசியை விட நீங்கள் போடுற தீனியைத்தான் தேடும். பாசி வளர வேண்டியது வெளிச்சமும் உரமும், ரெண்டும் உங்கட தொட்டியில தாராளமாக் கிடக்கு. தொட்டியை யன்னலடியால எடுத்து வெயில் படாத சுவர்ப் பக்கம் வையுங்கோ, லைற்றை ஒரு நாளைக்கு 6 தொடக்கம் 8 மணித்தியாலம் மட்டும் போடுங்கோ, தீனி ரெண்டு நிமிசத்தில முடியிற அளவுக்கு ஒருக்காப் போட்டாக் காணும், கிழமைக்கு ஒருக்கா காவாசித் தண்ணி மாத்துங்கோ. வயலுக்குக் கிட்டக் கிணறு எண்டா யூரியா ஊறி தண்ணியிலயே பாசிக்கு உரமாகிற நைட்ரேட் இருக்கலாம், அந்தத் தண்ணியை எத்தினை தரம் மாத்தினாலும் பாசி குறையாது, தண்ணி சோதிக்கிற ரெஸ்ற் கிற் கிடைச்சா ஒருக்காப் பாருங்கோ. மாரியில கூரை நல்லாக் கழுவுப்பட்ட பிறகு மழைத்தண்ணியைப் பிடிச்சு வைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கிணத்துத் தண்ணியோட கலந்து விடலாம்.

இனி மீன். எங்கட பக்கம் கனக்கக் கிணறுகளில தண்ணி காரமானது, கேத்தில்ல வெள்ளையாப் படியிறது தெரியும்தானே. அதை மறந்திட்டு மீன் வேண்டினாக் காசுதான் நட்டம். ஒட்டோ எண்டு சின்னதா ஒண்டு இருக்கு, பாசி தின்னுறதில கெட்டிக்கார மீன்தான், ஆனா அதுக்கு மென்மையான தண்ணியும் கன நாள் ஓடிப் பழகின தொட்டியும் வேணும், கடையிலயே பட்டினி கிடந்து வாறதால வந்த கிழமையே கன பேரிட்டைச் செத்துப்போகுது. கறுப்பு மொலி அப்பிடியில்ல, காரத்தண்ணிதான் அதுக்கு வாசி, நாள் முழுக்கக் கண்ணாடியையும் இலையையும் கொத்திக்கொண்டே திரியும். ரேங்க் கிளீனரையும் கோல்ட் ஃபிஷையும் மாத்தின பிறகு ஒரு ஆணுக்கு மூண்டு பெண் எண்டு நாலு விடுங்கோ, குட்டி போடும், அதுக்கும் இடம் யோசிச்சு வையுங்கோ. நெரைற் நத்தை கிடைச்சா இன்னும் நல்லது, கண்ணாடியை அதைப்போல வடிவாத் துடைக்கிற வேற ஒண்டும் இல்லை, முட்டை உப்பில்லாத தண்ணியில பொரிக்காது, பெருகிப்போகும் எண்ட பயமும் இல்லை.

ஒண்டில கவனம். சயாமீஸ் அல்ஜி ஈற்றர் எண்ட பாசி தின்னி மீன் எண்டு சொல்லி சைனீஸ் அல்ஜி ஈற்றர் எண்ட வேற மீனை விக்கிறவை இருக்கினம். எனக்கும் அப்பிடித் தந்து, கொஞ்சம் வளந்தவுடன அது என்ர ஏஞ்சல் மீனின்ர விலாவில ஒட்டி உறிஞ்சிப் புண்ணாக்கி அந்த மீன் செத்தே போச்சு, இப்பவும் எனக்கு அது மனவருத்தம். சயாமீஸுக்குக் கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் ஓடும், வாய் கண்ணாடியில ஒட்டி நிக்காது. சைனீஸுக்கு வாய் உறிஞ்சி மாதிரி. சயாமீஸும் 15 சென்ரிமீற்றர் வரும், உங்கட தொட்டிக்கு அது பெரிசு.

கேள்வி (மல்லாவியில இருந்து ஒரு அக்கா): கண்ணாடி துப்பரவு, ஆனா தண்ணியே பச்சைச் சாயம் மாதிரி. எந்த மீன் இதைத் தின்னும்?

பதில்: ஒரு பாசி தின்னி மீனும் தின்னாது அக்கா. அது தண்ணிக்குள்ள மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி, மேயிற மீனுக்கு வாயில அம்பிடாது. சாக்காலயோ கறுப்புத் துணியாலயோ தொட்டியை 4 நாள் வெளிச்சம் போகாம மூடுங்கோ, காத்து மோட்டர் மட்டும் நிக்கக் கூடாது, தீனி வேண்டாம், மீன் பட்டினியால சாகாது. திறந்த உடன அரைவாசித் தண்ணியை மாத்துங்கோ, செத்த பாசி அழுகினா மீனுக்குக் கூடாது.

கேள்வி (வவுனியா வாசகர்): மணலுக்கு மேல நீலப்பச்சையாச் சவ்வு மாதிரி, பிடிச்சு இழுத்தா உரிஞ்சு வருது, மணக்குது.

பதில்: அது பாசியே இல்லை, பக்ரீரியா. மீனை நம்பாதேங்கோ. குழாயால உறிஞ்சி எடுங்கோ, பில்ரர்த் தண்ணி அந்த மூலைக்கும் ஓடுறமாதிரித் திருப்பி விடுங்கோ, தீனியைக் குறையுங்கோ.

கேள்வி (முள்ளியவளையில இருந்து ஒரு பிள்ளை): மொலி பாசி முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது, இனி அதுக்கு என்ன குடுக்கிறது?

பதில்: பாசி முடிஞ்சா அதுக்கும் பசிக்கும் பிள்ளை, நீங்கள் கேட்டது நல்ல விசயம். வெள்ளரிக்காயை மெல்லிசா வெட்டி ஒரு கரண்டியில குத்தித் தாழ்த்து விடுங்கோ, கீரையை உப்புப் போடாம அவிச்சும் குடுக்கலாம். விடிய வைச்சா பின்னேரம் மிச்சத்தை எடுத்திடுங்கோ, இல்லாட்டி அது ஊறித் திரும்பப் பாசிக்குத்தான் போய்ச் சேரும்.