கடிதத்தில் பெயர் எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: என் அண்ணன் பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் கடை வைத்திருந்தார். மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடனுக்கு அசலுக்கு மேலேயே கட்டியும் தீரவில்லை. கடன் கொடுத்தவர் ஆட்களோடு வந்து வாசலில் நின்று அண்ணியைக் கேவலமாகப் பேசினார். மறுநாள் அண்ணன் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஆளின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். போலீஸோ சந்தேக மரணம் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில் மட்டும் பதிந்திருக்கிறது. கடிதம் போதாதா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கடிதம் மட்டும் போதாது. ஆனால் அதைவிடப் பலமான ஒன்று உங்களிடம் இருக்கிறது: முந்தின நாள் வாசலில் நடந்த சம்பவம்.

தற்கொலைக்குத் தூண்டுதல் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 306-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 108. பத்தாண்டு வரை சிறை, அபராதம். இறந்தவர் தன் சாவுக்கான காரணத்தை எழுதி வைத்தால் அதைச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்கும். ஆனால் தூண்டினார் என்பதற்கு அவர் என்ன செய்தார், எந்த எண்ணத்தோடு செய்தார் என்று தனியாகக் காட்ட வேண்டும். சஞ்சு வழக்கில் (2002) 'போய்ச் சாவு' என்று சண்டையில் சொன்னதைத் தூண்டுதல் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். சண்டைக்கும் சாவுக்கும் இடையே 2 நாள் இருந்தது. மகேந்திர அவாசே வழக்கில் (2025) கடிதம் இருந்தும், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டது குற்றமாகாது என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இரண்டையும் கட்டாயம் எடுத்து வைப்பார்.

அதனால்தான் 108-ஐ மட்டும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003 இருக்கிறது. நாள் வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் இதில் வரும். இதன் 9-வது பிரிவை நம் ஊரில் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கியவரோ குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்பு அவர்கள் தொந்தரவு செய்யப்பட்டதாகக் காட்டினால், கடன் கொடுத்தவர்தான் தூண்டினார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மிரட்டுவது, பின்னாலேயே திரிவது, வீட்டு முன் வந்து நிற்பது எல்லாம் தொந்தரவுதான். இது மாநிலச் சட்டம் என்பதால், சம்பவம் பண்ருட்டியில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது இரண்டு: மீட்டர் வட்டிக் கடன், கடைசி நாள் தொந்தரவு. கடனுக்கு அண்ணனின் கணக்கு நோட்டு, ஜிபே பதிவுகள், எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய புரோநோட் பற்றிய விவரம் வேண்டும். தொந்தரவுக்கு அக்கம்பக்கத்தார் சாட்சியமும் எதிர்க்கடையின் சிசிடிவியும் வேண்டும். சிசிடிவி சில வாரங்களிலேயே அழிந்துவிடும், இன்றைக்கே போய்க் கேளுங்கள். வந்தவர்கள் சொன்ன வார்த்தைகளை அண்ணி நினைவிலிருந்து அப்படியே எழுதி வைக்கட்டும். 'கேவலமாகப் பேசினார்' என்று பொதுவாக எழுதினால் விசாரணையில் நிற்காது.

அண்ணன் போனைத் திறந்து எதையும் அழிக்கவோ வேறு போனுக்கு மாற்றவோ வேண்டாம். கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை ரசீது வாங்கி ஒப்படையுங்கள். அவருடைய பழைய கையெழுத்துள்ள வங்கிப் படிவங்களும் கூடவே இருக்கட்டும்.

வியாபார நஷ்டமோ வேறு கடனோ இருந்திருந்தால் மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து அடிபடும். கோபத்தில் அந்த ஆளின் மனைவி, மகன் என்று எல்லாரையும் புகாரில் சேர்ப்பதும் வழக்கைக் கெடுக்கும். வாசலுக்கு வந்தவர்கள் மட்டும் போதும்.

194-ல் பதிந்த வழக்கைப் பிற்பாடு 108-க்கும் 2003 சட்டத்துக்கும் மாற்றலாம். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் கடலூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)-ல் மனு போடலாம்.

அண்ணியைத் தனியாக விடாதீர்கள். அவருக்கு மனம் தாங்கவில்லை என்று தெரிந்தால் 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரமும் பேசுவார்கள். வக்கீல் செலவுக்கு இனி ஒரு கடன் வாங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், அண்ணி பெயரிலேயே மனு கொடுங்கள்.