பிஎச் எலக்ட்ரோடு: தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை கழுவிப் பாருங்கள்

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை. பிஎச், அதாவது அமில-கார அளவைப் பார்க்கத் திரவத்தில் முக்கும் எலக்ட்ரோடின் பராமரிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு என் கைப்பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். எல்லாமே பிஎச்சை உணரும் கண்ணாடி பல்பும், ஒப்பிட நிலையான மின்னழுத்தம் தரும் ரெஃபரன்ஸும் ஒரே குழாயில் இருக்கிற சாதாரண காம்பினேஷன் எலக்ட்ரோடுக்குத்தான்.

கல்லூரி லேப் உதவியாளர்: மேடம், லீவு முழுக்க எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைத்திருந்தோம். இப்போ ரீடிங் நிற்கவே மாட்டேங்குது. சுத்தமான தண்ணிதானே, என்ன கெடுதல்?

சுத்தமாக இருப்பதுதான் கெடுதல். உள்ளே செறிவான பொட்டாசியம் குளோரைடு (கேசிஎல்), வெளியே உப்பே இல்லாத தண்ணீர். ஜங்ஷன், அதாவது உள்திரவம் வெளியைத் தொடும் நுண்துளை அடைப்பு வழியாக உப்பு நாள் முழுக்கக் கசிந்து, உள்திரவம் நீர்த்துப் போயிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கழுவ மட்டும். வைப்பதற்கு 3 மோலார் கேசிஎல். 100 மில்லி கரைசலுக்கு 22.4 கிராம் உப்பு, அவ்வளவுதான். பக்கவாட்டில் துளை உள்ள மாடல் என்றால் பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதுசு ஊற்றுங்கள் (சில மாடல்களுக்குச் சில்வர் குளோரைடு கலந்த கரைசல்தான் ஆகும், லேபிளைப் பாருங்கள்). பிறகு ராத்திரி முழுக்க கேசிஎல்லில் ஊறட்டும். காலையில் பெரும்பாலும் உயிர் வந்திருக்கும். அளக்கும்போது அந்தத் துளையைத் திறந்து வைக்க வேண்டும், எடுத்து வைக்கும்போது மூட வேண்டும். பாதிப் பேர் செய்வது தலைகீழ்.

திருப்பூர், டையிங் லேப்: அக்கா, 7 பஃபர்ல 7.00, 4 பஃபர்ல 4.00 கரெக்டா காட்டுது. ஆனா சாம்பிள்ல வெச்சா நிக்க மூணு நிமிஷம் ஆகுது. எலக்ட்ரோடு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. பஃபர் என்பது பிஎச் இவ்வளவு என்று தெரிந்த கரைசல், அதில் வைத்து மீட்டரைச் சரிசெய்வதுதான் கேலிப்ரேஷன். அதைப் பண்ணினதும் மீட்டர் நீங்கள் சொன்ன நம்பரைத்தான் திருப்பிச் சொல்லும். உண்மை தெரிய மில்லிவோல்ட் பக்கம் மாற்றுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட். ஆக 7-க்கும் 4-க்கும் நடுவில் 177 வர வேண்டும். நேற்று என் எலக்ட்ரோடு 7 பஃபரில் மைனஸ் 8, 4 பஃபரில் 162. வித்தியாசம் 170, அதாவது 96 சதவீதம், நன்றாக ஓடும். 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கழுவுங்கள். கழுவியும் 90 தாண்டவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். 7 பஃபரில் பூஜ்யத்திலிருந்து 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலும் ரெஃபரன்ஸ் பக்கம் கோளாறு.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் ஜங்ஷன் மேல். எல்லாரும் பல்பையே துடைத்துக் கொண்டிருப்பார்கள். பல்புக்குக் கொஞ்சம் மேலே குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் ஜங்ஷன், அதைக் கவனிக்க மாட்டார்கள். சல்ஃபர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் ஓடும் பட்டறை என்றால் அந்தப் புள்ளி இந்நேரம் கறுத்திருக்கும். சாயத்தில் வரும் சல்ஃபைடு உள்ளேயிருக்கும் சில்வரோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடாக அடைத்துக்கொள்கிறது. சோப்புக்கு அது அசையாது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் 7.5 சதவீதம் தையோயூரியா கரைத்து, புள்ளி வெளுக்கும் வரை ஊறவையுங்கள். கையுறை கட்டாயம், தையோயூரியா உடம்புக்கு ஆகாது. காய்ந்த உப்பு அடைப்பு மட்டும்தான் என்றால் 60 டிகிரிச் சூட்டில் கேசிஎல்லில் பத்து நிமிஷம் போதும்.

பால் குளிரூட்டும் நிலையம்: பால் பார்த்த பிறகு வழுவழுன்னு ஒரு படலம். டிஷ்யூ வெச்சு அழுத்தித் தேய்க்கலாமா?

தேய்க்கவே கூடாது. கண்ணாடி கீறும், நிலைமின்சாரம் ஏறி ரீடிங்கும் அலையும். ஒற்றி எடுங்கள். கொழுப்புக்கு முதலில் மிதமான சோப்புத் தண்ணீர். அதற்குப் பிறகும் நிற்பது புரதம், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் 5 சதவீதம் பெப்சின் கரைத்து ஒரு மணி நேரம். வயிற்றில் பாலைச் செரிக்க வைக்கிற அதே நொதிதான். எந்தக் கழுவலுக்குப் பிறகும் தண்ணீரில் அலசி, ஒரு மணி நேரமாவது கேசிஎல்லில் வைத்து, மறுபடி கேலிப்ரேஷன்.

யாழ்ப்பாணம்: எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. பல்பில வெள்ளையாப் படியுது, மூடியிலயும் வெள்ளையா இருக்கு. ரெண்டும் ஒண்டோ?

இல்லை. மூடியில் இருப்பது கசிந்து காய்ந்த கேசிஎல், தண்ணீரில் கழுவினால் போய்விடும், பயமில்லை. பல்பில் இருப்பது கால்சியம் படிவு, 0.1 மோலார் ஆசிடில் கால் மணி நேரம் வையுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எட்டரை மில்லியை லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் அந்த அளவு வரும். ஆசிடைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும்.

இறால் பண்ணை, வேதாரண்யம்: காலைல 7.8, மதியம் 8.6. மீட்டர் போச்சுங்களா?

மீட்டர் இல்லை, உங்கள் குளம். வெயிலில் பாசி கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் ஏறும். நீங்கள் 7-க்கும் 10-க்கும் கேலிப்ரேஷன் பண்ணுங்கள், 4 உங்களுக்கு உதவாது. 10 பஃபர் காற்றுப்பட்டால் இறங்கிவிடும், ஊற்றினதைத் திரும்பப் பாட்டிலில் விடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எதில் வைத்தாலும் 7.0 காட்டுகிறது. எதைக் கொண்டு கழுவ?

இதே கதையை ஒரு பட்டறையில் பார்த்தேன். ஒரு வாரம் லாக் புத்தகம் முழுக்க 7.0, 7.0, 7.0. வெளியேற்றும் தண்ணீரின் பிஎச் விதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால் முதலாளிக்கு ஏகச் சந்தோஷம். நான் போய் எலக்ட்ரோடை 4 பஃபரில் வைத்தேன், அங்கேயும் 7.0. பல்பில் மயிரிழை விரிசல். உள்ளும் வெளியும் ஒன்றாகிவிட்டால் மில்லிவோல்ட் பூஜ்யம், மீட்டர் பாஷையில் பூஜ்யம் என்றால் 7. நீங்கள் முதலில் கேபிள் கனெக்டரைக் கழற்றி, ஈரம் இருந்தால் நன்றாகக் காயவைத்துப் பாருங்கள், அதுவும் இதே வேலையைக் காட்டும். அதற்கும் 7 என்றால் கழுவ ஒன்றும் இல்லை, புதுசு வாங்குங்கள்.